எட்டு விழுக்காடு

நீதிமன்ற அலமாரியில் மூன்று வாரம் கிடந்துவிட்டு
கொத்தோனுவுக்கு என்னிடம் வந்தது, கால் லிட்டர்.
பழைய ஜின் குப்பி.
வாயில் மக்காச்சோளச் சக்கை.
அதன்மேல் அரக்கு, முத்திரை, சணல், கையொப்பம்,
காற்றுக்குப் படிக்கத் தெரியும் என்பதுபோல.

சீட்டில்: "மண்ணெண்ணெய். வெடித்த விளக்குக்கு ஊற்றியதில் மீதி.
போர்ட்டோ நோவோ, கழிக்கரை வட்டாரம்."
கீழே வேறொரு பேனா:
"கலப்படமா? வேண்டுமென்றேவா?"

முதல் கேள்வி என்னுடையது.

சின்னப் பித்தளைக் கிண்ணம், மூடி, வெப்பமானி.
மெல்லச் சூடேற்றி, பாகைக்கு ஒருமுறை
தீயைக் காட்டிக் காட்டி எடுக்க வேண்டும்.
நல்ல மண்ணெண்ணெய் முப்பத்தெட்டு வரையாவது
முகம் கொடுக்காது.
இதற்கு நான் அடுப்பையே ஏற்றவில்லை.
அறைச் சூட்டிலேயே 'பக்'.
ஒரு நீலம் கிண்ணத்தின்மேல் ஓடி அணைந்தது.
மகுன்யோன் கையிலிருந்த குறிப்பேடு தரையில்.

பிறகு குழல்.
முடியளவு துளை, நூறு மீட்டர் நீளம்,
சுருட்டினால் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் அடங்கும்.
ஒரு துளியில் கடுகத்தனை உள்ளே போகிறது.
இலேசானவை முன்னால் ஓட,
கனத்தவை சுவரைத் தடவித் தடவி வரும்.
கடைசி வாசலில் ஒரு ஹைட்ரஜன் சுடர்,
பகலில் கண்ணுக்கே தெரியாது.
வந்து சேர்வது எதுவானாலும் அதில் எரியும்.
எரிந்த அளவுதான் கணக்கு.
எரிக்காமல் எண்ண
இந்த இயந்திரத்துக்கு வராது.

இரண்டு மணி நேரம் காத்திருப்பு.
கோப்பைப் புரட்டினேன். புரட்டியிருக்கக் கூடாது.
ஹுவேஃபா, வயது பதினாறு, தையல் பழகுபவள்.
கரண்ட் இல்லை. மறுநாள் ஒரு சாவு வீட்டுக்குப்
பதினோரு சட்டை, ஒரே துணியில்.
இன்னும் நான்குக்கு விளிம்பு மடிக்க வேண்டும்.
விளக்கை அணைக்காமல் ஊற்றியிருக்கிறாள்.
விற்றவள் அக்குவாவி. காவலில்.

இன்று காலை நானும்
சாலையோர மேசையில் இரண்டு புட்டி வாங்கித்தான்
வண்டிக்கு ஊற்றினேன்.
எது என்ன என்று கேட்கவில்லை.
இந்த ஊரில் யாரும் கேட்பதில்லை.

திரையில் மேடுகள் எழும்பின.
நோனேன், டெக்கேன், அப்புறம் அதன் பங்காளிகள்,
மண்ணெண்ணெய்க்கு உரிய வரிசை, குறை சொல்ல முடியாது.
அதற்கு முன்னால்,
ஆளே இருக்கக் கூடாத இடத்தில், டொலுவீன்.
ஐசோஆக்டேன்.
பிரியவே மாட்டோம் என்று ஒட்டி வரும் இரண்டு சைலீன்.
பெட்ரோல்தான்.
கூட்டிப் பார்த்தால் எட்டு விழுக்காடு.

எட்டு!
எனக்கு ஏனோ மூச்சு வந்தது.
பெட்ரோல் விலை கூடியது. மலிந்ததில் விலை கூடியதைக் கலந்து
யார் இலாபம் பார்ப்பார்கள்?
காலையில் பெட்ரோல் பிடித்த கேன்,
கழுவாமல் மாலையில் மண்ணெண்ணெய்.
அவ்வளவுதான் நடந்திருக்கும்.
"உள்நோக்கம் தெரியவில்லை" என்று
பென்சிலால் எழுதியும்விட்டேன்.

பிறகுதான் வரைபடத்தின் தொடக்கத்தைப் பார்த்தேன்.
பென்டேன் இருக்க வேண்டிய இடம்
துடைத்துவிட்ட பலகை.
பென்டேன் இல்லாத பெட்ரோல் எந்த ஊரிலும் இல்லை.
சக்கை வழியே போயிருக்கிறது,
போகும்போது எத்தனை பேரைக் கூட்டிக்கொண்டு போனதோ.
எட்டு என்பது தங்கியவர்கள்.
பத்தா, இருபதா,
அலமாரிக்குத்தான் தெரியும்.

பென்சிலை அழித்தேன். தாள் கொஞ்சம் கிழிந்தது.
மை பேனாவால்:
"பெட்ரோல் கலந்துள்ளது. எட்டு விழுக்காட்டுக்குக் குறையாமல்."
இரண்டாம் கேள்விக்கு நேரே ஒரு கோடு.

குறிப்பு என்ற கட்டம் காலியாக இருந்தது.
"கண்ணாடி மூடி போட்டு,
விளிம்பு வரை நிரப்பி,
குளிர்ச்சியில் வைத்து அனுப்பவும், அடுத்த முறை"
என்று எழுதிவிட்டு,
அந்தக் கடைசி இரண்டு சொல்லை
அடிப்பதா விடுவதா என்று
மகுன்யோன் விளக்கை அணைக்க வரும்வரை
உட்கார்ந்திருந்தேன்.